பிலாரைக் காத்தவர்கள்

எங்கள் வீடு ஓட்டு வீடு. ஐப்பசி மழை பிடித்துக்கொள்வதற்கு முன், வருஷம் தவறாமல் ஒரு கிழவர் வருவார். கூரையேறி, உடைந்த ஓடுகளை எடுத்துவிட்டுப் புது ஓடு செருகி, மூலை வாரியில் அடைந்த சருகைத் தள்ளி, ஒரு முழுநாள் வெயிலில் வெந்து இறங்குவார். அவருக்குக் கூலி கொடுத்து அனுப்பிய மறுநாள் நான் பக்கத்து வீட்டுக்காரரிடம், "இந்த வருஷம் ஓடு மாற்றிவிட்டேன், ஸார்" என்று சொல்லுவேன். நான் கூரைமேல் ஏறியதே கிடையாது. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது கூட இல்லை. ஆனாலும் 'மாற்றிவிட்டேன்' என்று சொல்ல நாக்குக் கூசவில்லை. வீட்டுப் பத்திரம் என் பெயரில் இருக்கிறதல்லவா?

உலகத்திலேயே பிரசித்தி பெற்ற ஒரு விசைப்படகின் கதையைத் தேடித் தேடிப் படித்தபோது, இந்த 'மாற்றிவிட்டேன்' என் நினைவுக்கு வந்து கொஞ்சம் உறுத்தியது. அதனால்தான் அந்தக் கதையை இங்கே எழுதுகிறேன்.

படகின் பெயர் பிலார். சொந்தக்காரர் எர்னஸ்ட் ஹெமிங்வே. அவருடைய கிழவனையும் மீனையும் பற்றிய நாவல் 'கடலும் கிழவனும்' என்ற பெயரில் தமிழிலும் வந்திருக்கிறது; நம் வாசகர்களில் பலர் படித்திருப்பார்கள். அந்த நாவலில் வருவது பாய் கட்டிய சின்னஞ்சிறு தோணி. எழுதியவர் வைத்திருந்ததோ 38 அடி நீளமும் 12 அடி அகலமும் கொண்ட, இரண்டு எஞ்சின் பூட்டிய, உள்ளே ஆறு பேர் படுக்கக்கூடிய காபின் குரூஸர். பணக்காரர்களின் வாகனம். இதில் முரண்பாடு ஒன்றுமில்லை. மாட்டு வண்டியைப் பற்றி எழுதுகிறவன் மாட்டு வண்டியில்தான் போக வேண்டும் என்று யாரும் சட்டம் செய்யவில்லை.

1934-ம் வருஷம் ஏப்ரல் மாதம், ஆப்பிரிக்காவில் வேட்டையாடிவிட்டு அவர் நியூயார்க்கில் வந்து இறங்கினார். நேரே ப்ரூக்ளினில் வீலர் குடும்பத்தாரின் படகுப் பட்டறைக்குப் போனார். அமெரிக்காவில் பொருளாதார மந்தம் தலைவிரித்தாடிய சமயம். படகு வாங்க வருகிறவர்களைப் பட்டறைக்காரர்கள் பூரண கும்பம் வைத்து வரவேற்கும் நிலையில் இருந்தார்கள். விலை ஏறக்குறைய 7,500 டாலர். ஒரு புது ஃபோர்டு கார் சுமார் 600 டாலருக்குக் கிடைத்த காலம் அது. ஹெமிங்வேயிடம் அவ்வளவு ரொக்கம் இல்லை. முந்தைய வருஷம்தான் துவக்கப்பட்டிருந்த 'எஸ்குயர்' பத்திரிகையின் ஆசிரியர் ஆர்னால்ட் கிங்ரிச்சிடம், இனிமேல் எழுதப்போகிற கட்டுரைகளுக்கு முன்பணமாக மூவாயிரம் டாலர் சொச்சம் வாங்கிக்கொண்டார். அதாவது, படகின் முன்பாதி எழுதப்படாத வாக்கியங்களால் செய்யப்பட்டது. பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிற என் போன்றவர்களுக்கு இதைப் படிக்கும்போது ஒரு பக்கம் ஆறுதல், ஒரு பக்கம் பொறாமை. நமக்கு முன்பணம் கிடைத்தால் மளிகைக் கடை பாக்கிக்குச் சரியாக இருக்கும்.

வீலர் பட்டறையில் வழக்கமாக வெள்ளை வர்ணம் பூசுவார்கள். இவர் கறுப்புக் கேட்டார். பெரிய மீனை இழுத்துப் போடுவதற்குத் தோதாகப் பின்பக்கத்துச் சுவரை ஓரடி தாழ்த்தி, அதன் மேல் ஒரு மர உருளை வைக்கச் சொன்னார். பெட்ரோல் தொட்டியைப் பெருக்கச் சொன்னார். பிலார் என்பது ஸ்பெயினில் ஸரகோஸா நகரத்து மாதாவின் பெயர்; அப்போதைய மனைவி பாலினை அவர் அந்தரங்கமாக அழைத்த பெயரும் அதுதான். மே மாதம் படகு ரயிலேறி மயாமிக்கு வந்தது. அங்கிருந்து அவர் அதைக் கடல் வழியே கீ வெஸ்டுக்கு ஓட்டிப் போனார்.

இரண்டு எஞ்சின் என்றேன். இந்த விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால் படகு வைத்திருப்பவனுடைய மனசு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

சாதாரணமாக இரட்டை எஞ்சின் படகு என்றால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். பிலாரில் அப்படி இல்லை. ஒன்று, 75 குதிரைச் சக்தி கொண்ட கிரைஸ்லர். மற்றது, 40 குதிரைச் சக்தி கொண்ட லைகமிங். ஒவ்வொன்றுக்கும் தனித் தண்டு, தனி விசிறி. இரண்டும் சேர்ந்து ஓடினால் மணிக்குப் பதினாறு கடல் மைல் வேகம் வரும். ஆனால் மீன் பிடிக்கிறவனுக்கு அந்த வேகம் எதற்கு? தூண்டிலை நீருக்குள் விட்டு இழுத்துக்கொண்டே போகும்போது படகு மெதுவாக, ஒரே சீராக, நாள் முழுவதும் நகர வேண்டும். பெரிய எஞ்சினை அப்படி நாள்பூரா முனகவிட்டால் பெட்ரோலும் பாழ், ஸ்பார்க் பிளக்குகளில் கரியும் ஏறும். அந்த வேலைக்குத்தான் சின்ன எஞ்சின்.

அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. கீ வெஸ்டுக்கும் ஹவானாவுக்கும் நடுவே சுமார் 90 கடல் மைல். நடுவில் கல்ஃப் ஸ்ட்ரீம் என்ற பெருநீரோட்டம் கிழக்கே ஓடிக்கொண்டே இருக்கிறது. மார்லின் என்கிற ஈட்டிமூக்கு மீன்கள் அந்த நீலத் தண்ணீரில்தான் வருகின்றன. ஆகவே அங்கேதான் போயாக வேண்டும். அங்கே எஞ்சின் நின்றுவிட்டால் படகு நின்ற இடத்தில் நிற்காது. நீரோட்டம் மணிக்கு இரண்டு மைல், மூன்று மைல் என்று தள்ளிக்கொண்டே போகும். பொழுது சாய்வதற்குள் புறப்பட்ட ஊர் கண்ணுக்கு மறைந்துவிடும். பெரியவன் படுத்துவிட்டால் சின்னவன் குடும்பத்தைக் கரைசேர்ப்பான் என்கிற நம்பிக்கைதான் அந்த லைகமிங்.

நம்பிக்கை சரி. ஆனால் இரண்டு எஞ்சின் என்றால் எல்லாத் தொல்லையும் இரட்டிப்பு. எஞ்சினைக் குளிர வைக்கக் கடல் நீரை உறிஞ்சி அதன் உடம்பைச் சுற்றி ஓடவிடுகிறார்கள்; உப்பு இரும்பைத் தின்னும். தண்ணீர் ஏற்றும் பம்பில் ஒரு தூசி அடைத்தால் எஞ்சின் கொதித்துவிடும். பெட்ரோல் ஆவியோ காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. படகின் அடிவயிற்றில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஒரே ஒரு பொறி போதும். அதனால் பெட்ரோல் படகுக்காரன் காலையில் முதல் வேலையாக மூடியைத் திறந்து அடித்தளத்தை மோந்து பார்க்கிறான். மோந்து பார்த்த பிறகுதான் சாவியைத் திருப்புவான். சோம்பேறித்தனத்தால் ஒரு நாள் மோந்து பார்க்காமல் விட்டவர்கள், அந்த அனுபவத்தைச் சொல்வதற்கு இருந்ததில்லை.

எஞ்சினையாவது கழற்றி மாட்டலாம். மரத்தின் பாடுதான் பெரும்பாடு. பிலாரின் விலா எலும்புகள் ஓக் மரம், ஆவியில் வேகவைத்து வளைத்தவை. அவற்றின்மேல் பலகை வைத்து, பலகைகளுக்கு நடுவே பஞ்சுத் திரியை இறுக்கி அடைத்திருப்பார்கள். நம் தோணிக்காரர்கள் கலப்பற்று அடிப்பது என்று சொல்கிற அதே வேலைதான். மரம் தண்ணீரில் ஊறிப் பருத்து அந்த இடுக்குகளை இன்னும் இறுக்கிக்கொள்ளும். ஆகையால் மரப் படகு தண்ணீரில் இருந்தாக வேண்டும். தண்ணீரில் இருந்தாலோ, வெதுவெதுப்பான கடலில் கப்பல் புழு என்ற ஒரு ஜீவன் இருக்கிறது. பார்க்கப் புழுப் போல இருந்தாலும் சாதியில் கிளிஞ்சல். குண்டூசி முனையளவு துளை போட்டு நுழைந்து, வெளியில் ஒன்றும் தெரியாமல் உள்ளே பலகையைத் தேன்கூடாக்கிவிடும். அதைத் தடுக்கத் தாமிரம் கலந்த விஷ வர்ணம் பூச வேண்டும். அந்த வர்ணத்தின் சக்தி சில மாதங்களில் தீர்ந்துபோகும். மறுபடி படகைக் கரையேற்றி, பாசியையும் கொட்டலசையும் சுரண்டி, காயவைத்து, பூசி, மரம் அதிகம் காய்ந்து வெடிப்பதற்குள் மறுபடி தண்ணீரில் தள்ள வேண்டும். தண்ணீருக்கு மேலே இருக்கும் பாகத்துக்கு வேறு சத்துரு. அது வெயில். க்யூபாவின் சூரியன் வார்னிஷைத் தோலுரிப்பது போல உரித்துவிடும். உரித்த இடத்தில் மழைத் தண்ணீர் இறங்கினால் மரம் கறுத்து மக்கத் தொடங்கும். ஒரு கோடியிலிருந்து ஆரம்பித்து மறுகோடிக்கு வார்னிஷ் அடித்து முடிக்கும்போது ஆரம்பித்த இடம் மறுபடி தயாராக இருக்கும்.

இதைத் தினமும் செய்கிறவன் யார்? நாவலாசிரியர் காலையில் எழுந்து எழுதுகிறார். எழுதி முடித்த பிறகு கடலுக்கு வருகிறார். நியாயமாகச் சொன்னால் ஹெமிங்வே பிரயாணியாக உட்கார்ந்து போகிற ஆசாமி அல்ல. சுக்கான் சக்கரத்தை அவரே பிடித்தார். எஞ்சினின் சத்தத்தில் மாறுதல் தெரிந்தால் கண்டுபிடிப்பார். படகுக்குக் குறிப்பேடு வைத்து, காற்றும் மீனும் பிரயாணமும் எழுதினார். அந்தக் குறிப்பேடுகள் இன்றும் பாஸ்டனில் கென்னடி நூலகத்தில் இருக்கின்றன. ஆனால் அவர் வீட்டுக்குப் போன பிறகும் படகு தண்ணீரில்தானே இருக்கிறது? இரவு முழுவதும் கயிறு உராய்கிறது, அடியில் நீர் கசிகிறது. யாராவது அதனோடு இருந்தாக வேண்டும்.

முதல் வருஷம் அந்த வேலைக்கு ஒரு வேடிக்கையான ஆள் கிடைத்தான். ஆர்னால்ட் சாமுவேல்சன் என்ற இளைஞன். மினஸோட்டாவிலிருந்து, வழியில் போகிற வண்டிகளில் தொற்றிக்கொண்டும் ரயில் பெட்டிகளின் மேல் ஏறியும், கீ வெஸ்ட் வரையில் வந்து ஹெமிங்வேயின் வீட்டுக் கதவைத் தட்டினான். அவனுக்குக் கதை எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும். ஹெமிங்வே அவனைப் படகில் படுத்துக்கொண்டு காவல் காக்கச் சொன்னார். நாளுக்கு ஒரு டாலர் சம்பளம். ஏறக்குறைய ஒரு வருஷம் அப்படி இருந்தான். வயலின் வாசிப்பவன் என்பதால் அவனுக்கு 'மேஸ்ட்ரோ' என்று பட்டப்பெயர். அவனோடு எழுத்தைப் பற்றிப் பேசியதை ஹெமிங்வே 1935-ல் எஸ்குயரில் ஒரு கட்டுரையாகவே எழுதிக் காசாக்கினார். அந்தக் காசில் ஒரு பகுதி, கணக்குப் பார்த்தால், படகுக் கடனுக்குத்தான் போயிருக்க வேண்டும்! சாமுவேல்சனோ பெரிய எழுத்தாளனாகவில்லை. தன் அனுபவத்தை எழுதி மூட்டை கட்டி வைத்திருந்தான். அவன் 1981-ல் இறந்த பிறகு, அவனுடைய மகள் அதைக் கண்டெடுத்து 1984-ல் வெளியிட்டாள். நான் படித்த அளவில், படகிலே படுத்து எழுந்தவன் எழுதிய புத்தகத்தில் இருக்கிற உப்பு வாடை, பெரிய விமர்சகர்களின் புத்தகங்களில் இல்லை.

1935 ஏப்ரலில் பஹாமாவின் பிமினித் தீவுக்குப் புறப்பட்ட ஹெமிங்வே, இழுத்துப் பிடித்த சுறாவைத் துப்பாக்கியால் சுடப்போய், குண்டு படகின் பித்தளைப் பட்டையில் பட்டுச் சிதறி, தம் இரண்டு கால்களையும் தாமே சுட்டுக்கொண்டார். அதையும் ஒரு கட்டுரையாக எழுதினார். அவர் எதையும் வீணாக்குகிற மனிதர் அல்ல.

அதே வருஷம் செப்டம்பர் மாதம் நடந்ததைத்தான் சற்று நின்று பார்க்க வேண்டும்.

ஃபிளாரிடாவின் தெற்குக் கோடியில் கடலுக்குள் சங்கிலி போல நீண்டிருக்கும் சிறு தீவுகளில் ஒன்று கீ வெஸ்ட். ஆகஸ்டு முடிவில் புயல் எச்சரிக்கை வந்தது. ஹெமிங்வே வரைபடத்தை விரித்துவைத்து, வானிலை அறிக்கை சொன்ன இடத்தைக் குறித்து, திங்கட்கிழமை மத்தியானத்துக்கு முன் அது வந்து சேராது என்று கணக்குப் போட்டார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் படகோடு கழிந்தது. நீர்மூழ்கிக் கப்பல் தளத்தின் பத்திரமான மூலைக்கு அதைக் கொண்டுபோனார். புதுக் கனத்த வடங்கள் வாங்கிக் கட்டினார். கயிறு உராயக்கூடிய இடங்களில் எல்லாம் கித்தான் சுற்றினார். பக்கத்தில் கடலோரக் காவல் படையினர் பறிமுதல் செய்த சாராயப் படகு ஒன்று அரைகுறையாகக் கட்டிக் கிடந்தது. புயலில் அது அறுத்துக்கொண்டு வந்து பிலார்மேல் மோதுமே என்று சண்டை போட்டார். திங்கள் இரவு நடுநிசிக்குமேல், காற்றிலும் மழையிலும், மின்சாரக் கம்பிகள் அறுந்து கிடந்த தெருக்களின் வழியே நடந்து போய்ப் படகைப் பார்த்துக்கொண்டு விழித்திருந்தார்.

பிலாருக்கு ஒன்றும் ஆகவில்லை. செப்டம்பர் 2-ம் தேதி புயல் கீ வெஸ்டை விட்டுவிட்டு, வடகிழக்கே மட்டகம்பி தீவுகளில் போய் விழுந்தது. அங்கே முதல் உலக யுத்தத்தில் போரிட்டுத் திரும்பி வேலையில்லாமல் இருந்த சிப்பாய்களைச் சர்க்கார் முகாம் போட்டுச் சாலைப் பாலம் கட்டும் வேலையில் வைத்திருந்தது. முகாம் என்றால் கூடாரமும் மெல்லிய பலகைக் கொட்டகையும். கடல் மட்டத்துக்குச் சில அடி உயரத்தில். அவர்களை அழைத்துவர அனுப்பிய ரயில் நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்தது. கடல் எழுந்து வந்து பெட்டிகளைத் தண்டவாளத்திலிருந்து புரட்டிப் போட்டது. எஞ்சின் மட்டும் நின்றது. இறந்தவர்கள் நானூறு பேருக்கு மேல். அதில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அந்தச் சிப்பாய்கள்.

ஹெமிங்வே படகில் உதவிச் சாமான்களோடு அங்கே போனார். மரக்கிளைகளிலும் சதுப்பிலும் வெயிலில் ஊதிக் கிடந்த உடல்களைப் பார்த்தார். 1918-ல் இத்தாலியப் போர்முனையில் கண்டதற்குப் பிறகு இத்தனை பிணங்களை ஒரே இடத்தில் கண்டதில்லை என்று தம் பதிப்பாசிரியருக்குக் கடிதம் எழுதினார். 'நியூ மாஸஸ்' என்ற இடதுசாரிப் பத்திரிகையில், இவர்களைக் கொன்றது யார் என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் கட்டுரையை நான் மூன்று முறை படித்திருக்கிறேன். அதில் எனக்கு மிகவும் ஆச்சரியமாக இருப்பது, கோபம் அல்ல. கோபப்படுகிறவர் தம் படகுக்குத் தாம் செய்த பந்தோபஸ்தை எல்லாம் முதலில் விவரமாக எழுதிவிட்டுத்தான் பிணங்களுக்கு வருகிறார். வடம் எத்தனை, கித்தான் சுற்றியது எங்கே என்று எல்லாம் வருகிறது. முதலில் படிக்கும்போது, இத்தனை பேர் செத்திருக்கையில் இந்த மனுஷன் தன் படகைப் பற்றிப் பேசுகிறானே என்று எனக்கு எரிச்சலாக வந்தது. மறுபடி படித்தபோது புரிந்தது. ஒரு மரப் படகின் சொந்தக்காரன் இரண்டு நாள் முன்னதாகவே புயல் வரும் நேரத்தைக் கணக்கிட்டு அதைக் கட்டிக் காக்க முடிந்தது. நூற்றுக்கணக்கான மனிதர்களுக்குப் பொறுப்பானவர்கள் ஒரு ரயிலை வேளையோடு அனுப்பவில்லை. குற்றப்பத்திரிகையில் முதல் சாட்சியமே அந்த வடம்தான்.

படகில் ஹெமிங்வேக்கு முதல் உதவியாளராக இருந்த க்யூபர் கார்லோஸ் குத்தியெரெஸ். மார்லின் மீன்களின் போக்கை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் இந்தக் கார்லோஸ்தான். ஒரு கிழவன் தனியாகப் போய்ப் பெரிய மீனைப் பிடித்ததையும், சுறாக்கள் அதைத் தின்றுவிட்டதையும் கார்லோஸ் சொல்லக் கேட்டு, ஹெமிங்வே 1936-ல் எஸ்குயரில் ஒரு பத்தியளவுக்கு எழுதினார். பதினாறு வருஷம் கழித்து அந்தப் பத்தி நாவலாயிற்று. அதன் பெருமையில் 1954-ல் நோபல் பரிசும் வந்தது. கார்லோஸுக்கு இதில் என்ன கிடைத்தது என்று கேட்கக் கூடாது. கதை சொன்னவனுக்குக் கூலி கொடுக்கும் வழக்கம் நம் தொழிலில் எங்குமே இல்லை.

கார்லோஸுக்குப் பிறகு 1938-ல் வந்து சேர்ந்தவர் கிரெகோரியோ ஃபுவெந்தெஸ். ஆப்பிரிக்கக் கரையோரத்தில் ஸ்பெயினுக்குச் சொந்தமான லன்ஸரோத்தே தீவில் 1897-ல் பிறந்து, சின்ன வயதிலேயே கடலுக்கு வந்தவர். ஹெமிங்வே அவரை முதலில் கண்டது 1928-ல், டிரை டோர்ட்டுகாஸ் தீவுகளில். அப்போது கிரெகோரியோ ஒரு மீன்பிடி படகின் தலைவர். அந்தப் படகின் சுத்தத்தைப் பார்த்து ஹெமிங்வே அசந்துபோனார். பத்து வருஷம் கழித்துத் தம் படகுக்கு ஆள் தேவைப்பட்டபோது, அந்தச் சுத்தம் அவர் நினைவில் இருந்தது. 1949-ல் 'ஹாலிடே' பத்திரிகைக்கு எழுதிய கட்டுரையில், மீன் பிடிப்பதைவிடப் படகைத் துடைத்து வர்ணமும் வார்னிஷும் அடிப்பதில்தான் கிரெகோரியோவுக்குப் பிரியம் அதிகம் என்றும், ஆனால் சாப்பாட்டையும் தூக்கத்தையும்விட மீன்பிடிப்பில் பிரியம் என்றும் எழுதுகிறார். ஒரு சம்பளக்கார மாலுமிக்கு இதைவிட நல்ல நற்சாட்சிப் பத்திரம் எந்த எஜமானன் கொடுத்திருக்கிறான்?

அதே கட்டுரையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. மூன்று புயல்களில் படகைக் காத்தவர் கிரெகோரியோ என்றும், அவருடைய திறமையால் அதுவரை பிலாருக்காக இன்ஷூரன்ஸ் பணம் ஒரு காசு வாங்க நேரவில்லை என்றும் சொல்கிறார். அந்த மூன்றில் பெரியது 1944 அக்டோபரில் ஹவானாவைத் தாக்கியது. சிறு படகுகளையும் கடற்படைக் கலங்களையும் துறைமுகத்துச் சாலைமேலும் சுற்றியிருந்த மேடுகளின்மேலும் அது தூக்கி எறிந்தது. சிறு படகில் தங்கிப் புயலை எதிர்கொண்டவர் கிரெகோரியோ ஒருவர்தானாம்.

அப்போது ஹெமிங்வே எங்கே இருந்தார்? ஐரோப்பாவில். அந்த வருஷம் மே மாதமே யுத்த நிருபராகப் போய்விட்டார். 1935-ல் வடத்தையும் கித்தானையும் பற்றி அவ்வளவு எழுதியவர், இந்தப் பெரும் புயல் வந்த இரவில் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார். பத்திரம் அவர் பெயரில். படகில் படுத்திருந்தவர் கிரெகோரியோ. ஆனால் இதையும் நாம் அறிவது ஹெமிங்வே எழுதியதால்தான். 'நான் காப்பாற்றினேன்' என்று அவர் எழுதவில்லை. தம்மைப் பற்றி எத்தனையோ பெருமை அடித்துக்கொண்ட மனிதர் இந்த ஒரு விஷயத்தில் வினைச்சொல்லை உரியவரிடம் ஒப்படைத்துவிட்டார்.

நடுவில் யுத்தகாலக் கூத்து ஒன்று உண்டு. 1942-லும் 43-லும், அமெரிக்கத் தூதரின் சம்மதத்தோடு, பிலாரில் இயந்திரத் துப்பாக்கியும் கைக்குண்டும் ஏற்றிக்கொண்டு, விஞ்ஞான ஆராய்ச்சிப் படகு என்று வேஷம் போட்டு, ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடினார்கள். ஒன்றோடும் மோதவில்லை. ரேஷன் காலத்தில் பெட்ரோல் வாங்கி மீன் பிடிப்பதற்கு இது ஒரு சாக்கு என்று அப்போதைய மனைவி மார்த்தா கெல்ஹார்ன் நினைத்தார். மனைவிமார்களின் இம்மாதிரி அபிப்பிராயங்களைச் சரித்திரம் பெரும்பாலும் ஊர்ஜிதம் செய்கிறது.

1960 ஜூலையில் ஹெமிங்வே க்யூபாவை விட்டுப் போனார். திரும்பி வரவில்லை. 1961 ஜூலை 2-ம் தேதி அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்திலுள்ள தம் வீட்டில் துப்பாக்கியால் தம்மையே மாய்த்துக்கொண்டார். பிலாருக்கு அப்போது வயது இருபத்தேழு. மரப் படகுக்கு அது நல்ல முதுமை. அதை அவர் கிரெகோரியோவுக்கே விட்டுச் சென்றார் என்பார்கள். கிரெகோரியோ அதைக் க்யூப சர்க்காரிடம் ஒப்படைத்தார். இருபத்துமூன்று வருஷம் துடைத்து வார்னிஷ் அடித்தவருக்கு ஒரு வழியாகப் படகு சொந்தமாயிற்று; அப்போது அவரால் அதை வைத்துக்கொள்ள முடியவில்லை. இரண்டு எஞ்சினுக்குப் பெட்ரோலும், வர்ணமும், கரையேற்றும் கூலியும் ஓர் ஏழை மாலுமிக்கு எங்கிருந்து வரும்? நேசிக்கத் தெரிந்தவனுக்கு வசதி இல்லை என்பது படகு விஷயத்தில் மட்டும் நடக்கிற சமாசாரம் அல்ல.

ஹவானாவுக்குத் தென்கிழக்கே குன்றின்மேல் இருக்கும் ஃபிங்கா விஹியா என்ற ஹெமிங்வேயின் வீடு கண்காட்சி சாலையாகிவிட்டது. அந்தத் தோட்டத்தில், முன்பு டென்னிஸ் மைதானமாக இருந்த இடத்தில், கூரை போட்டு, பிலாரைத் தாங்கு கட்டைகளின்மேல் நிறுத்தியிருக்கிறார்கள். கிட்டத்தில் அவர் வளர்த்த நாய்களின் சமாதிகள். நான் போனதில்லை, படங்களில் பார்த்திருக்கிறேன். கறுப்பு வர்ணமும், பச்சைக் கூரையும், பளபளக்கும் மரமும் கண்ணைக் கவருகின்றன. ஆனால் முன்னே சொன்னேனே, மரப் படகு தண்ணீரில் இருந்தாக வேண்டும் என்று. கடலைவிட்டு எடுத்த பலகை காய்ந்து சுருங்குகிறது. இடுக்குகள் வாய் திறக்கின்றன. தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்த கனத்தைச் சில கட்டைகள் தாங்கும்போது உடம்பு அங்கங்கே தொய்கிறது. கப்பல் புழுவுக்குப் பதில் கறையான் வருகிறது. உள்ளூர்க்காரர்கள் பழுது பார்த்தார்கள். அரசியல் பகைமையையும் மீறி, அமெரிக்காவிலிருந்து மரக்கப்பல் நிபுணர்களும் போய் யோசனை சொன்னார்கள். இது மெய்யான பிலார்தானா என்று சந்தேகப்படுகிற ஆராய்ச்சியாளர்களும் உண்டு. ஒவ்வொரு பலகையாக மாற்றிக்கொண்டே போனால் எந்தப் படகைப் பற்றியும் அந்தச் சந்தேகம் வரத்தானே செய்யும்?

வீலர் குடும்பத்தின் வாரிசுகள் 2020-ல், அதே 38 அடி அமைப்பில், மெய்ன் மாநிலத்தில் புதிதாக ஒரு படகு கட்டி மிதக்க விட்டார்கள். அது ஓடுகிறது. பிலார் நிற்கிறது.

கிரெகோரியோ கோஹிமார் என்ற மீனவ ஊரிலேயே இருந்தார். நூறு வயதைத் தாண்டினார். உலகெங்கிலுமிருந்து ஆட்கள் அந்தச் சிறு வீட்டைத் தேடிப் போனார்கள். காசு கொடுத்து, சுருட்டோடு அவரைப் படம் பிடித்துக்கொண்டார்கள். எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: நாவலில் வரும் ஸாந்தியாகோ நீங்கள்தானா? அது ஒரு விதத்தில் அநியாயமான கேள்வி. ஸாந்தியாகோவுக்கு எண்பத்தைந்தாவது நாளில் ஒரு மீன் கிடைக்கிறது, அதையும் சுறா தின்றுவிடுகிறது. அதோடு கதை முடிகிறது. கிரெகோரியோவின் கதையில் அப்படிப்பட்ட நாள் எதுவும் இல்லை. காலையில் எழுந்து அடித்தளத்தை மோந்து பார்ப்பதும், தண்ணீர் இறைப்பதும், உப்பைக் கழுவுவதும், வார்னிஷ் அடிப்பதும், மறுநாள் மறுபடி அதையே செய்வதுமாக இருபத்துமூன்று வருஷம். இதை வைத்து நாவல் எழுத முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. ஹெமிங்வேயே எழுதவில்லை. ஒரு பத்திரிகைக் கட்டுரையில் சில வரிகளோடு நிறுத்திக்கொண்டார். கிரெகோரியோ 2002 ஜனவரியில், நூற்று நான்கு வயதில் இறந்தார்.

ஹெமிங்வே இறந்த மறு வருஷம், கோஹிமார் மீனவர்கள் அவருக்குக் கடற்கரையில் ஒரு சிலை வைத்தார்கள். மார்பளவு வெண்கலச் சிலை. சிற்பி கூலி வாங்காமல் செய்து தர முன்வந்தார். ஆனால் வெண்கலத்துக்கு ஊரில் பணம் இல்லை. மீனவர்கள் தங்கள் படகுகளிலிருந்து பழைய விசிறிகளையும், கயிறு கட்டும் கொண்டிகளையும், நங்கூரத் துண்டுகளையும் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவற்றை உருக்கித்தான் அந்தத் தலையை வார்த்தார்கள். இப்போதும் அது கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. பிலாரின் விசிறிகள் இரண்டும் குன்றின்மேல், கூரைக்கடியில், மெருகு கலையாமல் இருக்கின்றன.